தூரக்கலம் நின்ற இடம்

அவன்தான் தேர்ந்தெடுத்தானா, இல்லை கட்டைவிரல் அசந்துபோய் அந்த இடத்தில் நின்றுவிட்டதா? ரிமோட்டை அண்ணனின் இடது கையில் வைத்தது நான்தான். எது வேண்டுமோ நீயே போடு அண்ணே என்று சொல்லிவிட்டுப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். திரையில் தூரக்கலம் என்ற விண்வெளித் தொடரின் கதைகள் சின்னச் சின்னப் படங்களாக வரிசைகட்டி நின்றன. விரல் அழுத்திக்கொண்டே போனது. நெருப்பு நிலவைத் தாண்டியது, இரட்டைத் தளபதியைத் தாண்டியது, எனக்குப் பிடித்த உறங்கும் நகரத்தை ஏறிட்டும் பார்க்காமல் போனது, கண்ணாடிக் கிரகத்தின் மேல் வந்து நின்றது. வேறு எதில் நின்றிருந்தாலும் நான் இப்படிப் பதறியிருக்க மாட்டேன். முழுசாகப் பார்ப்பதில்லை என்று நாங்கள் இரண்டு பேரும் பேசிவைத்திருக்கும் ஒரே கதை அது. இதுவா அண்ணே என்று கேட்டேன். "அதான்" என்றான். அதை வைத்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. தண்ணீர் வேண்டுமா என்றாலும் அதான், வலிக்கிறதா என்றாலும் அதான், நான் யாரென்று தெரிகிறதா என்று காலையில் ரயிலிலிருந்து இறங்கி வந்ததும் கேட்டதற்கும் அதான். மூளையில் ரத்தக்குழாய் அடைத்து, வலது கையும் பேச்சும் போய், ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியபோது அவனிடம் மிச்சம் இருந்தது அந்த ஒரு சொல். மருந்துக் கம்பெனிக்காக டாக்டர்களின் வாசலில் நின்று பேசிப் பேசியே குடும்பத்தை நடத்தியவன். ததேயு வாயைத் திறந்தால் பஸ் போய்விடும் என்று அப்பா சொல்வார். பேச்சுப் பயிற்சிக்கு வருகிற பார்கவி என்ற பெண் அண்ணியிடம் சொல்லியிருக்கிறாள்: யோசித்துப் பேசுகிற பேச்சு அடைபட்டாலும், நெஞ்சில் ஊறிப்போனது, பாட்டு, ஜெபம், விளையாட்டாகத் திரும்பத் திரும்பச் சொன்னது, இதெல்லாம் சில பேருக்கு முழுசாக வெளியே வந்துவிடுமாம், ஒன்று வந்தால் அதன் வாலைப் பிடித்து மற்றதையும் இழுத்துப் பார்க்கலாமாம். அண்ணி தினமும் சாயங்காலம் ஜெபமாலையோடு அவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அவன் உதடு அசைந்தது, சொல் வரவில்லை. ஜெசிந்தா அண்ணி எளிதில் அழுகிற ரகம் இல்லை. ஆனால் போனில், மாதாவுக்கும் மசியலை, உங்க கப்பலுக்காவது மசியுறாரா பாப்போம், வந்து போட்டுக் காட்டும்மா என்று சொன்னபோது குரல் உடைந்தது. பேச்சு வராதது மட்டும் இல்லை அவளுடைய பயம். இவர் உள்ளே இருக்கிறாரா எமல்டா என்று கேட்டாள். அதைப் பார்க்கத்தான் நான் பள்ளிக்கூடத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

இசை வந்துவிட்டது. அந்த ஐந்து சுரம், பிறகு ஒரு நிறுத்தம், பிறகு இடது மூலையிலிருந்து மூக்கை நீட்டிக்கொண்டு வருகிற கலம். எத்தனை வருஷமானாலும் இந்த இடத்தில் எனக்குக் கையில் மயிர் சிலிர்க்கும். வெற்றிடத்தில் சத்தம் பரவாது என்று வாரத்தில் ஐந்து நாள் கரும்பலகையில் எழுதிப்போடுகிற இயற்பியல் டீச்சர் நான், ஞாயிற்றுக்கிழமையானால் வெற்றிடத்தில் இரைச்சலோடு போகிற கப்பலை வாய் பிளந்து பார்ப்பேன். சத்தம் இல்லாமல் போனால் அது என்ன கப்பல். பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டு டிவிக்கு முன்னால் சிமெண்டுத் தரையில் வயிறு படியக் குப்புறப் படுத்துக்கொண்டு நானும் அண்ணனும் முதல்முதலாக இந்த இசையைக் கேட்டபோது அவனுக்கு மீசை அரும்பியிருந்தது, நான் இரட்டைச் சடை. ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் உடுப்பைக்கூட மாற்றாமல் விழுவோம். தெர்மாகோலில் செய்த பாறை, ஒரே மலையை நாலு பக்கமும் திருப்பி எடுத்து நாலு கிரகம் என்பார்கள், அதெல்லாம் எங்களுக்கு அப்போதே தெரியும். தெரிந்துகொண்டு நம்பினோம். தளபதி ஆர்லோவின் கடுகு நிறச் சட்டைக் காலர், கோபம் வந்தால் அதை ஒரு விரலால் தளர்த்திக்கொள்வது, கதவுக்கு முன்னால் போய் நின்றதும் ஸ்ஸ் என்று அது தானாகத் திறப்பது. எங்கள் அடுப்பங்கரைக் கதவு தானாகத் திறக்காது. அண்ணன் அதற்கு முன்னால் விறைப்பாக நிற்பான், நான் உள்ளேயிருந்து ஸ்ஸ் என்று சொல்லிக்கொண்டே திறந்துவிட வேண்டும். அம்மா கையில் கரண்டியோடு நடுவில் மாட்டிக்கொள்வாள். தமிழில் பேசவைத்தவர்கள் வேறு எங்கிருந்தோ ஒரு பாஷையைப் பிடித்துவந்திருந்தார்கள். தளபதியாரே, கேடயம் செயலிழந்துவிட்டது. அதையே அண்ணன் வீட்டில் பேசுவான். அன்னையாரே, ரசம் செயலிழந்துவிட்டது, நிரப்புவீராக. இப்போது இந்தச் செயலியில் புதுசாகத் தமிழ் பேசவைத்திருக்கிறார்கள், ஆர்லோவுக்கு இருபது வயசுக் குரல், எதிரிக் கப்பல்காரனைப் பார்த்து என்ன ப்ரோ என்கிறான். அடப்பாவிகளா. அண்ணனுக்கு வாய் இருந்திருந்தால் இந்நேரம் அந்தக் குரல்காரனின் ஏழு தலைமுறையையும் இழுத்திருப்பான். திரும்பிப் பார்க்கிறேன். திரையைத்தான் பார்க்கிறான். வாயின் வலது ஓரம் கொஞ்சம் தொங்கியிருக்கிறது, அண்ணி மடித்து வைத்திருந்த துண்டால் துடைத்துவிடுகிறேன், அவன் முகத்தை இழுத்துக்கொள்கிறான். அது வெட்கமா, எரிச்சலா, மறைக்காதே என்கிறானா, தெரியவில்லை.

தெரியவில்லை என்பதுதான் இந்த வீட்டில் யாருக்கும் பிடிக்காத சொல். அதனால் எல்லாரும் அவனுக்காகப் பேசுகிறார்கள். அவருக்கு ரசம் சாதம் போதுமாம் என்கிறாள் அண்ணி. அவருக்குக் காற்று வேண்டுமாம், பின்னே இந்த வெயிலில் யாருக்கு வேண்டாம். மதியம் சாதத்தைக் குழைய மசித்து ஸ்பூனில் ஊட்டியபோது அவன் தலையைத் திருப்பினான், வயிறு நிறைஞ்சிருச்சு என்றாள் அண்ணி, எனக்கென்னவோ உப்பு இல்லை என்று திருப்பியதாகப் பட்டது. தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்பு இல்லைதான். சொல்லவில்லை. நாள் முழுக்க ஒற்றை ஆளாகத் தூக்கி உட்காரவைத்து, படுக்கவைத்து, இப்போதுதான் உள் அறையில் கண் அசந்திருக்கிறாள். அவளிடம் போய் உப்புக் கணக்கா பேசுவது. இதோ, நூமி வந்துவிட்டது. கலத்துக்கு வழிகாட்டுகிற நூமி. வாய் இல்லாத ஜீவன், நெற்றியில் ஒரு வெளிச்சம், அது நிறம் மாறுவதுதான் பேச்சு, நீலம், வெளிர் பச்சை, பயந்தால் ஒரு மாதிரிப் பழுப்பு. முதலில் தமிழில் போட்டவர்களுக்கு இது தாங்கவில்லை, வாயில்லாவிட்டால் ஜனங்களுக்கு எப்படிப் புரியும் என்று நினைத்துவிட்டார்கள் போல, ஒரு பெண் குரலைக் கூப்பிட்டு, நிறம் மாறுகிறபோதெல்லாம் நான் வருத்தமாக இருக்கிறேன் தளபதியாரே, நான் மகிழ்ச்சியாக இருக்கிறேன் தளபதியாரே என்று சொல்லவைத்தார்கள். நாங்கள் அந்தக் குரலைத்தான் நூமி என்று நினைத்திருந்தோம். ரொம்ப வருஷம் கழித்து மூலத்தைப் பார்த்தபோது நூமி ஒரு தடவைகூடப் பேசவில்லை. அண்ணன் போனில் கத்தினான், ஏமாத்திட்டாங்கடி நம்மள, அது பேசவே இல்லடி என்று. எனக்கும் முதலில் துக்கமாகத்தான் இருந்தது. அப்புறம் மறுபடி பார்க்கப் பார்க்க, பழைய குரல் சொன்னதில் பாதி தப்பு என்று தெரிந்தது. வருத்தமாக இருக்கிறேன் என்று அது சொன்ன இடத்தில் நூமிக்கு வருத்தமே இல்லை, ஆர்லோவைக் கேலி செய்துகொண்டிருந்தது. அண்ணனின் நெற்றியைப் பார்க்கிறேன். அண்ணி பூசிய மந்திரித்த தைலமோ என்னவோ, ஜன்னல் வெளிச்சம் பட்டுப் பளபளவென்று இருக்கிறது.

கண்ணாடிக் கிரகத்தில் இறங்கிவிட்டார்கள். தரை முழுக்கக் கண்ணாடி, நடந்தால் கீழே இன்னொரு ஆர்லோ தலைகீழாக நடக்கிறான், அந்தக் காலத்தில் இதை எப்படி எடுத்தார்கள் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. ஒன்று சொல்ல வேண்டும், ஆர்லோ ஒன்றும் அவ்வளவு பெரிய கெட்டிக்காரன் இல்லை. யோசிக்காமல் இறங்குவான், மாட்டிக்கொள்வான், பிறகு சிரித்தே தப்பிப்பான். அண்ணன் ஆர்லோ கட்சி. நான் இஸ்மீன் கட்சி, இரண்டாவது தொடரில் வந்த நரைத்த தலைக்காரி, துப்பாக்கியை எடுக்குமுன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரியை உட்காரச் சொல்கிறவள். இது என்ன விண்வெளியா, பஞ்சாயத்து ஆபீஸா என்று அண்ணன் நக்கலடிப்பான். உன் ஆள் கதவைத் திறந்துகொண்டு வெற்றிடத்தில் குதிக்கிறவன்தானே என்பேன். மூன்றாவது தொடரில் கப்பல் எங்கேயும் போகாது, ஒரே இடத்தில் சுற்றுகிற நிலையம், போகாத வண்டிக்கு எதுக்குடி கேப்டன் என்று கேட்டவன் அதிலேயே விழுந்து கிடந்தான். பிறகு சினிமாவாக எடுத்தார்கள், ஆர்லோவை வாலிபனாக்கி, வெடிக்கிறதற்கு ஒன்றும் மிச்சமில்லாமல் எல்லாவற்றையும் வெடிக்கவைத்து. படம் முடிந்து வெளியே வந்த அண்ணன் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் பேசாமல் நடந்ததை நான் பார்த்தது அதற்கு முன் கிடையாது. இப்போதைய புதுத் தொடரில் எல்லாரும் இருட்டில் நின்று அழுகிறார்கள், யார் அழுகிறார்கள் என்றுகூடத் தெரியவில்லை, கலத்தில் ஒரு பல்பு போடக் கூடாதா. திட்டுவோம், திட்டிக்கொண்டே பார்ப்போம். அவன் சென்னையில், நான் திருச்சியில், போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு ஒரே நேரத்தில் ஆரம்பிப்போம். என் வீட்டு நெட் கொஞ்சம் மெதுவு, அவன் சிரித்த பிறகு எனக்குச் சிரிப்பு வரும். நாங்கள் பேசினதெல்லாம் இதைப் பற்றித்தான். அம்மா இறந்த பிறகு எல்லாரும் கலைந்துபோய், ஒரு வாரம் கழித்துப் போன் பண்ணினான், புது சீசன் பாத்தியா என்றான். இல்லை என்றேன். சரி, ஆரம்பிப்போமா என்றான். அன்றைக்குக் கலத்தில் யாரோ ஒரு சின்னப் பாத்திரம் சாகிறது, எங்களுக்குப் பெயர்கூடத் தெரியாத ஆள், இரண்டு பேரும் போனைக் காதில் வைத்துக்கொண்டு அப்படி அழுதோம்.

ஜன்னலுக்கு வெளியே வில்லிவாக்கம் ஸ்டேஷனை விட்டு மின்சார ரயில் கிளம்புகிறது, மேஜைமேல் தம்ளர் லேசாக நடுங்குகிறது. ரயில் சத்தம் கேட்கிற வீடாகப் பார்த்துத்தான் வாங்குவேன் என்று அடம்பிடித்து வாங்கினான். வளர்ந்த புத்தி. கண்ணாடிக் கிரகம் முதல்முதலாக ஒளிபரப்பான ஞாயிற்றுக்கிழமையும் இதே போல வெயில்தான். அன்றைக்குக் கதை உச்சத்தில் இருக்கிறது. கண்ணாடித் தூசிப் புயல் வருகிறது, கலம் உடனே கிளம்பினால்தான் பிழைக்கும், நூமி தூரத்தில் தனியாக மாட்டிக்கொண்டிருக்கிறது, கதவு மூடத் தொடங்குகிறது, ஆர்லோ கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான், வெளியே பார்க்கிறான், உள்ளே திரும்புகிறான், என்னவோ சொல்ல வாயைத் திறக்கிறான். படம் ஒரு வெள்ளைப் பொட்டாகச் சுருங்கிப் போனது. "கரண்ட் போச்சு" என்றான் அண்ணன். தலையில் அடித்துக்கொள்ளவில்லை, மின்வாரியத்தைத் திட்டவில்லை, ஊரில் ஒரு சாவு என்று சொல்கிற மாதிரிச் சொன்னான். டிவிக்கு முன்னாலேயே காத்துக்கிடந்தோம். ஃபேன் இல்லாமல் முதுகு வேர்த்து ஊற்றியது. சாயங்காலம் கரண்ட் வந்தபோது செய்தி ஓடிக்கொண்டிருந்தது. மறு ஒளிபரப்பெல்லாம் அப்போது கிடையாது. அந்த வேர்வையில் உட்கார்ந்துகொண்டுதான் அண்ணன் கேட்டான், ஆர்லோ என்னடி சொல்லியிருப்பான் என்று. நான் யோசிக்கவே இல்லை. சங்கிலியை இழுக்கச் சொல்லியிருப்பான் என்றேன். எங்கள் அப்பா பணிமனையில் ரயில் பெட்டிகளுக்கு வேலை பார்ப்பவர், ஓடுகிற எதற்கும் அபாயச் சங்கிலி இருக்கும் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே கிடையாது. அண்ணன் சிரிப்பான் என்று நினைத்தேன். அவன் கண் விரிந்துபோய் எழுந்து நின்றான். அப்புறம் அவனே எல்லாவற்றையும் சேர்த்தான். ஆர்லோ எட்டிச் சங்கிலியை இழுக்கிறான். வண்டி கிரீச்சென்று நிற்கிறது. கார்டு பச்சைக்கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருகிறார், காரணம் இல்லாமல் இழுத்தால் அபராதம் தெரியுமா என்கிறார். ஆர்லோ காலரைத் தளர்த்திக்கொண்டு, எங்க ஆள் ஒருத்தர் ஏறணும் சார் என்கிறான். புயல் நிற்கிறது, எல்லாரும் நிற்கிறார்கள், நூமி பிளாட்பாரத்தில் டீ குடித்துவிட்டு மெதுவாக வந்து ஏறுகிறது. கடைசிவரைக்கும் ஆர்லோ இழுத்த சங்கிலியை விடுவதில்லை, விட்டால் வண்டி போய்விடும். நிஜத்தில் அப்படி இல்லை என்று அப்பா விளக்கினார். அவரை யார் கேட்டது.

அதற்குப் பிறகு சங்கிலி என்பது எங்கள் வீட்டுச் சொல்லாகிவிட்டது. எனக்கு ஒரு வரன் அமைந்து, பூ வைத்து, எல்லாருக்கும் பிடித்துப்போய், எனக்கு மட்டும் அந்த ஆளைப் பார்க்கும்போதெல்லாம் மூச்சு முட்டியது. ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. நல்ல வேலை, நல்ல குடும்பம், நானும் டீச்சர், காரணம் கேட்டால் என்ன சொல்வேன். அண்ணன் அப்போது மதுரைப் பக்கம் வேலையாக அலைந்துகொண்டிருந்தான். எஸ்டிடி பூத்திலிருந்து கூப்பிட்டு, அண்ணே, சங்கிலி என்றேன். வேறு எதுவும் சொல்ல வரவில்லை. அவனும் ஒன்றும் கேட்கவில்லை. கிடைத்த பஸ்ஸில் ஏறி வந்தான், வந்து அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, இது வேணாம், விடுங்க என்றான். பேசியே பிழைக்கிறவன் அன்றைக்குக் காரணம் ஒன்றும் சொல்லவில்லை. சொந்தக்காரர்கள் எல்லாம் அவனைத்தான் திட்டினார்கள், தங்கச்சி வாழ்க்கையைக் கெடுத்தான் என்று. அவன் என்னிடம் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. நான் இப்படித் தனியாக, சௌகரியமாக, என் வகுப்புப் பிள்ளைகளுக்கு வெற்றிடத்தைப் பற்றிச் சொல்லிக்கொடுத்துக்கொண்டு இருக்கிறேன் என்றால் அது அவன் இழுத்து நிறுத்திய வண்டி. நன்றி என்று ஒரு தடவை சொல்லியிருக்கலாம். எங்களுக்குள் அந்தப் பழக்கம் இல்லை. தூரக்கலத்தில்கூட யாரும் நூமிக்கு நன்றி சொன்னதில்லை என்று நினைக்கிறேன், தலையை மட்டும் ஆட்டுவார்கள்.

செயலி வந்து எல்லாத் தொடரும் வரிசையாகக் கிடைக்க ஆரம்பித்தபோது நாங்கள் முதலிலிருந்து பார்த்துக்கொண்டு வந்தோம். கண்ணாடிக் கிரகம் அடுத்தது என்று வந்தபோது அண்ணன் தன் பக்கம் படத்தை நிறுத்தினான். இது மட்டும் வேணாம்டி என்றான். எனக்கும் அதேதான் தோன்றியது. அவன் என்னத்தையாவது சொல்லித் தொலைச்சிருப்பான், நம்ம முடிவுதான் முடிவு என்றான். இணையத்தில் ரசிகர் குழு ஒன்றில் இருந்தோம், ஆர்லோ கட்சியும் இஸ்மீன் கட்சியும் தேர்தல் மாதிரி அடித்துக்கொள்கிற இடம், அதில் ஒருவர் கண்ணாடிக் கிரகத்தின் கடைசிக் காட்சியைப் பற்றி எழுத ஆரம்பித்ததும் அண்ணன் அந்த நிமிஷமே குழுவை விட்டு வெளியேறினான். எனக்கும் போன் பண்ணி, கண்ண மூடிக்கிட்டு வெளிய வா என்று கத்தினான். அப்படிப்பட்டவன். அப்படிப்பட்டவன் இன்று மதியம் தானாக இதில் வந்து நிற்பானா? நிற்பான் என்றால் எதற்கு? என்னிடம் ஏதோ சொல்வதற்காக நின்றானா, இல்லை இது எது என்றே தெரியாமல், ஒரு கண்ணாடித் தரையின் படம் பளபளப்பாக இருக்கிறதே என்று நின்றானா? குழந்தைகள் பளபளப்பில்தான் நிற்கும். மறுபடி ஆரம்பத்துக்கே வந்துவிட்டேன். யோசனை செக்குமாடு மாதிரி சுற்றுகிறது, அண்ணன் விரலைத் தாண்டி ஒரு அடி நகரமாட்டேன் என்கிறது. ரிமோட் இப்போது என் மடியில் இருக்கிறது. அந்த இடம் வருவதற்கு முன்னால் நிறுத்திவிடலாம். நிறுத்தினால் எங்கள் முடிவு பத்திரமாக இருக்கும், ஆனால் நானும் இன்னொரு குரல்காரி ஆகிவிடுவேன், அவருக்கு இது வேண்டாமாம் என்று. நிறுத்தாவிட்டால், அந்த இடம் வந்து, ஆர்லோ வாயைத் திறந்து எங்களுக்குத் தெரியாத என்னத்தையோ சொல்லி, கதை எங்கேயோ போய் முடிந்து, அண்ணன் எல்லாவற்றையும் இதே முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தால்? அப்புறம் உள் அறையிலிருந்து எழுந்து வருகிற அண்ணியிடம் நான் என்ன சொல்வது. உள்ளே இருக்கிறாரா என்று கேட்டாளே.

தூசி கிளம்பிவிட்டது. கிரகத்தின் விளிம்பில் வெள்ளையாக ஒரு சுவர் எழுந்து வருகிறது, பழைய டிவியில் இது இவ்வளவு அழகாக இல்லை, அல்லது எங்கள் டிவியில் எப்போதும் தூசிதான். ஃபேன் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு டிக் சொல்கிறது. ஊட்டிய ரசத்தின் மிளகு வாசனை, தைல வாசனை, துவைத்து உலர்ந்த போர்வை வாசனை. எனக்குத் தூக்கம் வருவது போல் இருக்கிறது, பயத்தில்கூடத் தூக்கம் வருமா, பரீட்சை அறையில் பிள்ளைகள் கொட்டாவி விடுவது இதனால்தானோ. கண்ணை மூடினால் பொன்மலைச் சிமெண்டுத் தரை வயிற்றில் குளிர்கிறது, பக்கத்தில் அண்ணனின் முழங்கை, இடிக்காதடி. திறந்தால் வில்லிவாக்கம், நாற்காலியின் கையில் கிடக்கிற அவனுடைய வலது கை. அதை எடுத்து என் கையில் வைத்துக்கொள்கிறேன். கனமாக, சூடாக, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருள் போல இருக்கிறது. திரையில் நூமி தூரத்தில் சின்னதாக நிற்கிறது, நெற்றியில் பழுப்பு. புதுத் தமிழில் அதற்குக் குரல் கொடுக்கவில்லை, அந்த மட்டும் புத்தி வந்ததே. கதவு மூடத் தொடங்குகிறது. என் கட்டைவிரல் ரிமோட்டின் மேல் இருக்கிறது. நிறுத்தமாட்டேன். அவன் எதில் வந்து நின்றானோ அதை அவன் பார்க்கட்டும், தெரிந்து நின்றாலும் தெரியாமல் நின்றாலும் அது அவன் நின்ற இடம். சேசுவே, அவன் தெரிந்தே நின்றிருக்கட்டும். ஆர்லோ கதவைப் பிடித்துவிட்டான். வெளியே பார்க்கிறான். நான் திரையைப் பார்க்கவில்லை, அண்ணன் முகத்தைத்தான் பார்க்கிறேன், அதில் கண்ணாடிக் கிரகத்தின் வெளிச்சம் நீலமும் வெள்ளையுமாக மாறி மாறி விழுகிறது. அவன் மூச்சு கொஞ்சம் வேகமாக இருக்கிறது. என்னுடையதாகவும் இருக்கலாம். ஆர்லோ உள்ளே திரும்புகிற உடுப்புச் சத்தம் கேட்கிறது.

"கரண்ட் போச்சு" என்றான் அண்ணன்.

என் விரல் தானாக அழுத்திவிட்டது. திரையில் ஆர்லோ வாயைத் திறந்தபடி உறைந்து நிற்கிறான். ஃபேன் டிக் டிக்கென்று ஓடிக்கொண்டிருக்கிறது. நான் கேட்டது சரியா, நானே மனதுக்குள் சொல்லிக்கொண்டேனா என்று யோசிக்கக்கூட நேரம் இல்லை, உள் அறையிலிருந்து அண்ணி, அவன் இதையே சொல்லிச் சொல்லிக் கல்யாணமான நாளிலிருந்து பழகிப்போன தூக்கக் குரலில், "போகலையே, ஃபேன் ஓடுதுல்ல" என்று பதில் சொன்னாள். பிறகு கட்டில் கிரீச்சிட்டது. அண்ணன் என்னைப் பார்க்கிறான். இவ்வளவு நேரமும் எங்கேயோ வைத்திருந்த கண்ணை எடுத்து என் மேல் வைத்திருக்கிறான், அதில் பழைய குறும்பு, நான் பயந்ததெல்லாம் தெரியும் என்கிற மாதிரி ஒரு கேலி. அழுதால் ஆட்டம் கெட்டுவிடும். "அப்புறம் என்னாச்சு அண்ணே?" என்றேன். அவன் வாயைத் திறந்தான். அதான் என்றான். இல்லை என்பது போலத் தலையை ஆட்டினான், மறுபடி முயன்றான், அதான், அதான், சொல் வரவில்லை, கோபம் வந்தது, கழுத்தில் நரம்பு புடைத்தது. அண்ணி அவிழ்ந்த கொண்டையோடு வாசற்படியில் வந்து, வாயைக் கையால் பொத்திக்கொண்டு நிற்கிறாள். நான் அவனுக்காக எதுவும் சொல்லவில்லை. காத்திருந்தேன். அண்ணன் இடது கையை மெதுவாக உயர்த்தினான், தலைக்கு மேலே, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி எதையோ இறுகப் பிடித்தான், பிடித்துக் கீழே இழுத்தான்.

வண்டி நின்றது. நாங்கள் மூன்று பேரும் அசையவில்லை. ஏற வேண்டிய ஆள் ஏறட்டும் என்று அவன் இழுத்த கையை விடாமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தான்.